அனுப்பியவரே சென்றார்

செம்பவாங் கடற்படைத் தளம் 1938இல் திறக்கப்பெற்றது. அங்கு உழைக்க வந்த தமிழருள் கிறித்தவரும் இருந்தனர். ஊர்விட்டு வந்தோர்க்கு ஆயராவார், தாமும் ஊர்விடத் துணிந்தவராதல் வேண்டும். அத்துணிவு பிறக்கும் வகைக்கு வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்வு சான்று.

1874இல் வெள்ளாளன்விளையில் ஆயர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் அவர். தந்தையின் பணி மகனுக்குத் தானாக வந்துவிடவில்லை; கிறித்தவ வாலிபர் சங்கச் செயலராகவே பல்லாண்டு உழைத்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம்மவரையே வெளியிடங்களுக்கு ஊழியராய் அனுப்புவதைக் கண்டார். திருநெல்வேலியார் ஏன் அனுப்பவில்லை என்னும் வினா அவரை வாட்டியது. மறு ஆண்டே இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அவரே அதன் முதற் செயலர்.

ஆயினும் வினா அவரை விடவில்லை. பிறரைப் போகச் சொல்லித் தாம் இருத்தல் தகுமோ? கேட்பதற்கு எளிய வினாதான். வீடும் பதவியும் உடையார்க்கு அன்று. 1909இல் குருப்பட்டம் ஏற்று, நிசாம் ஆட்சிக்குட்பட்ட டோர்னக்கலுக்குச் சென்றார். முப்பத்தைந்தை அணுகும் வயதில் தெலுங்கு பயின்றார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதன் பின்னும் மாட்டுவண்டியிலேறிச் சிற்றூர்களைச் சுற்றினார். 1945இல் அவர் உயிர் பிரிந்ததும் டோர்னக்கல் மண்ணில்தான்.