வியாகுல ராகத்தை எழுத ஒரு மென்பொருள்

தவக்காலத்தில் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியான ஊர்காவற்றுறையிலும் சுற்றியுள்ள கத்தோலிக்க ஊர்களிலும் வியாகுலப் பிரசங்கம் பாடுவார்கள். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இந்த நாட்டிலேயே கண்மூடிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய நூல் அது. உரைநடைதான், ஆனால் யாரும் வெறுமனே வாசிப்பதில்லை. இழுத்து, இறக்கி, மூச்சு முடிகிற இடத்தில் நிறுத்தி, அழுகுரலில் பாடுவார்கள். நூல் அச்சில் வந்துவிட்டது. ராகம் வாய்வழியாகத்தான் வருகிறது. 1990களின் போர்க்கால இடப்பெயர்வோடு அந்த ராகம் தெரிந்த பலர் தீவை விட்டு ரொறன்ரோவுக்கும் பரிசுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். பாடகர் குழாத்துக்கு ஓர்கன் வாசிக்கிற எனக்கு இசை எழுதும் மென்பொருள் தேவைப்பட்டது இதற்காகத்தான்.

என் அளவுகோலும் இதுவே. எந்த மென்பொருளை எடுத்தாலும் வியாகுலத்தில் ஒரு வரியை எழுதிப் பார்ப்பேன். அந்த வரிக்கு இடம்கொடுக்கிற மென்பொருளில் மற்றப் பாட்டெல்லாம் சுலபம்.

முதலில் காசு. பெயர்பெற்ற மென்பொருள்களின் விலை டொலரில். நமது வருமானம் ரூபாயில். அந்த விலையைக் கொடுத்தாலும் அது காலத்துக்கும் நிற்கும் என்ற உறுதி இல்லை. 1988இல் தொடங்கி உலகமெங்கும் பதிப்பாளர்கள் பயன்படுத்திய ஃபினாலே என்ற மென்பொருளின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனமே நிறுத்திக்கொண்டது. வருடக்கணக்காக அதில் எழுதியவர்களுக்குக் கைகொடுத்தது மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவம். 2004இல் வந்தது, ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொன்றில் திறக்க வழிசெய்கிறது. இந்த வடிவில் கோப்பை வெளியே தராத மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, இணையம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நீண்டகாலமாக டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி வாழ்ந்த தீவுகள். மின்சாரமே அப்படி என்றால், இணையப் பக்கத்தைத் திறந்து வைத்துத்தான் எழுதலாம் என்கிற சேவைகள் இங்கே சரிவராது. யாழ்ப்பாணத்தில் ஒரு தடவை பதிவிறக்கி, பென்டிரைவில் போட்டுக் குறிகட்டுவான் துறையில் படகேறினால் அதோடு வேலை முடிய வேண்டும்.

இப்படிப் பார்த்தால் மியூஸ்ஸ்கோர்தான் கையில் நிற்கிறது. கட்டற்ற மென்பொருள், முழுவதும் இலவசம். அதே பெயரில் உள்ள இணையத்தளம் மற்றவர்கள் எழுதிய பாடல்களைப் பதிவிறக்கச் சந்தா கேட்கும். அதைப் பார்த்துப் பயந்து மென்பொருளையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மென்பொருளுக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. பழைய 32 பிட் லப்டொப் என்றால் மூன்றாம் பதிப்பைப் போடுங்கள், நான்காவது அதில் ஓடாது. மூன்றில் எழுதியதை நான்கில் திறக்கலாம், நான்கில் எழுதியதை மூன்றில் திறக்க முடியாது. ஆகவே ஒரு குழாத்தில் எல்லோரும் ஒரே பதிப்பில் இருப்பது நல்லது. பெரிய வாத்தியக் குரல்களைத் தனியே இறக்கச் சொல்லும்; தேவையில்லை, கூடவே வருகிற சத்தம் பயிற்சிக்குப் போதும்.

இனி வியாகுலம். அதற்குத் தாளம் கிடையாது. மென்பொருளோ நாலுக்கு நாலு என்று தாளக்குறி போட்டுக் கோடு கிழித்துத்தான் தாளைத் திறக்கும். ஒரு மூச்சில் பாடுகிற அளவை ஒரே கட்டமாக எடுத்து, அந்தக் கட்டத்தின் உண்மையான நீளத்தை அதன் அமைப்புக்குள் போய் மாற்றுகிறேன். பதினேழு அரைக்கால் என்றாலும் ஏற்றுக்கொள்ளும். தாளக்குறியை மறைத்துவிட்டு, சுரத்தலைகளில் நிற்கும் குச்சிகளையும் எடுத்துவிடுகிறேன். மூச்சு விடுகிற இடத்தில் மூச்சுக்குறி மட்டும். அப்போதுதான் பாடுகிற பிள்ளை எண்ணிப் பாடாமல் சொல்லைப் பார்த்துப் பாடும். லிலிபொன்ட் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் தாளக் கணக்கை நிறுத்த ஒரே கட்டளை போதும். அச்சும் கண்ணுக்கு இதமானது. ஆனால் சுரங்களை எழுத்தாகவே தட்டச்சுச் செய்ய வேண்டும், எல்லோருக்கும் பொறுமை வராது.

சுரத்தின் கீழே சொல் போடுவதில்தான் எனக்கு அதிக அக்கறை. யூனிகோட் தமிழ் ஒழுங்காக ஏறும். பாமினியில் அடித்து வைத்த பழைய பாட்டுகளை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். வியாகுலம் என்பதை வி, யா, கு, லம் என்று பிரித்து, ‘லம்’ ஏழெட்டுச் சுரங்களுக்கு இழுபடுகிறது என்று வையுங்கள். வழமைப்படி ‘லம்’ முழுவதையும் முதற் சுரத்தின் கீழ் போட்டால், பிள்ளைகள் அங்கேயே வாயை மூடி மீதியை முனகுவார்கள். நான் ‘ல’வை மட்டும் போட்டு, இடைக்கோட்டை அழுத்திக்கொண்டே போய்க் கடைசிச் சுரத்தின் கீழ் ‘ம்’ வைக்கிறேன். வாய் திறந்தே இருக்கும். அழுகை அந்தத் திறந்த வாயில்தான் இருக்கிறது.

கர்நாடக சங்கீதம் படிப்பவர்கள் சுரதாளக் குறிப்புக்கு இதையே பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். அதற்கு லிப்ரே ஒஃபிஸில் ஓர் அட்டவணை போதும். இடைஞ்சல் ஒன்றுதான்: மேல் ஸ்தாயிப் புள்ளி. ‘ஸ’ மேல் புள்ளி வைத்தால் அது ‘ஸ்’ போலவே தெரியும், சமாளிக்கலாம். ‘ரி’ மேல் வைக்கப் போனால் பக்கத்தில் வெற்றுப் புள்ளிவட்டம் வந்து நிற்கும். அடிக்கோடு துரித காலத்துக்கு வேண்டும், ஆகவே மேல் ஸ்தாயிக்கு அதையும் எடுக்க முடியாது. மேல் ஸ்தாயிச் சுரங்களுக்கு வேறு நிறம் கொடுப்பது என் வழக்கம். போட்டோகொப்பி எடுக்கிறவர்கள் தடித்த எழுத்தை வைத்துக்கொள்ளலாம்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை ஐரோப்பியக் குறியீட்டின் ஐந்து கோட்டில் முழுவதும் அடைக்க முடியாது. 1892இல் சின்னசாமி முதலியார் சென்னையில் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டார். 1904இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டபோது கமகத்துக்கென்றே தனிக் குறிகள் வைத்தார். வியாகுலத்தில் வருகிற இறக்கத்துக்கு நான் ஒரு வழுக்குக் கோடு போட்டு, சுரத்தின் மேல் ‘அழுத்தி இறக்கு’ என்று தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

எழுதி முடித்ததும் மூலக் கோப்பு, மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் மூன்றையும் ஒரே பெயரில் சேமியுங்கள். பாடிக் காட்டிய பெரியவரின் குரலைத் தொலைபேசியில் பதிந்து அதையும் அதே உறையில் போடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யாரிடம் கேட்டது என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். கோப்பின் பெயரை யாரும் மாற்றிவிடலாம், தாளில் அச்சானது கூடவே போகும்.