தும்புத்தடிக்கு ஓய்வு, உம்மாவுக்கு?



இப்போதைய ரோபோ வெக்கியூம்கள் வீட்டைக் கூட்டுவதோடு தங்களையும் பார்த்துக்கொள்கின்றன. கூட்டி முடித்ததும் தன் இடத்துக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். சிலவற்றில் துடைக்கும் துணியும் அங்கேயே கழுவிக் காயும். 2002இல் ரூம்பா வந்தபோது குப்பையை நாம்தான் கொட்ட வேண்டும். 2018இல் வந்த ரூம்பா அதையும் தானே ஒரு பையில் கொட்டியது. பை நிரம்ப வாரக்கணக்காகும்.

ஆனாலும் பிரஷில் சுற்றிய முடியை எடுப்பதும், அழுக்குத் தண்ணீரை ஊற்றுவதும் மனிதக் கைதான். படி ஏறாது, ஈரச் சேறு ஆகாது. பசறை, ஹாலிஎல பக்கத்து லயன்களில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், மழை நாளில் அது என்ன செய்யும்?

அங்கிருந்து வரும் பெண் பிள்ளைகள் பலர் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அண்ணன், தம்பிமார் எழும்பி முகம் கழுவி வருகிறார்கள். நம் டவுன் வீடுகளிலும் பெரிய வித்தியாசமில்லை.

வசதியுள்ளவர்கள் மெஷின் வாங்குங்கள். முழங்கால் வலியோடு குனியும் உம்மாமாருக்கு அது பெரிய உதவி. ஆனால் மெஷினைக் கழுவும் வேலையை மறுபடி அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

வாங்க முடியாதவர்கள் நாளைக் காலை தும்புத்தடியை மகன் கையில் கொடுங்கள். மிச்சமாகும் அரை மணித்தியாலம் மகளின் கணக்குக் கொப்பிக்குப் போகட்டும். சாதாரண தரப் பரீட்சை இருவருக்கும் ஒன்றுதானே?