ஊர்த் தமிழில் ஒரு சொல்

ஆணின்மேல் ஈர்ப்புக் கொள்ளும் ஆணைக் குறிக்கத் தமிழகக் கிராமங்களில் மரியாதையான சொல் எதுவும் புழக்கத்தில் இல்லை. இருப்பவை வசைகள். வசைபாட மனம் வராதவர்கள் ‘அவன் ஒரு மாதிரி’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் தன் மனம் போகும் திசையை உணர்கிற பையனுக்கு இந்த வெறுமை பெரிய சுமை. தன்னைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காதவன், உலகத்திலேயே தான் ஒருவன்தான் இப்படி என்று முடிவுகட்டிவிடுகிறான்.

நகரத்துப் பையனுக்கும் இந்தத் தனிமை உண்டு. ஆனால் கிராமத்தில் தெரு முழுக்க உறவு. பிறக்கும்போதே முறைப்பெண் யாரென்று பேச்சு அடிபடும். படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த மறு வருஷமே ஜாதகம் வெளியே வந்துவிடும். பையன் தயங்கினால் மந்திரிப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள். காரணம் தெரிந்த பிறகும் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.’ சரியாவதில்லை. ஏன் தன்னைக் கணவன் நெருங்குவதில்லை என்று தெரியாமல் தன் அழகையும் குணத்தையும் நொந்துகொள்ளும் ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அந்தக் கட்டில் சேர்ந்து இறுகுகிறது. இதைச் செய்யும் பெற்றோர் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கும் வேறு சொல் யாரும் கற்றுத் தந்ததில்லை.

ஊரின் பார்வையிலிருந்து விலகி நிற்க உதவும், சென்னைப் புறநகரின் பொத்தேரி போன்ற இடங்கள் இதனால்தான் முக்கியமாகின்றன. கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடையே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய இந்த ரயில் நிலையத்தில் இறங்குபவர்களில் மிகப் பலர் எதிரே உள்ள எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்கள். பலருக்கு ஊரை விட்டு வந்து தங்கும் முதல் இடம் இது. விடுதி அறையோ, நாலுபேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடோ, யாருடைய மகன் என்று எவரும் கேட்காத முதல் முகவரி அதுதான். இதே தடத்து மின்ரயில் வண்டி மாறாமல் எழும்பூரில் கொண்டுபோய் விடும். பாலினச் சிறுபான்மையினரின் சென்னை வானவில் பேரணி அண்மை ஆண்டுகளில் கூடியது அங்குள்ள ராஜரத்தினம் அரங்கத்தின் அருகே. முதல் பேரணி 2009 ஜூன் மாதம் மெரினாவில் நடந்தது. முகமூடியோடு வந்தவர்களும் அதில் உண்டு.

அந்தப் பேரணி நடந்தபோது சட்டமே எதிராக இருந்தது. 1860இன் தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் எழுதிவைத்த, தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைச் சில நாட்கள் கழித்து டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் வயதுவந்தோர் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் விதி ஒன்றும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் திருத்திய ராகிங் தடுப்பு விதிகளின்படி, ஒருவரின் பாலீர்ப்பைச் சொல்லித் துன்புறுத்துவதும் ராகிங்தான்.

தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது 2021 ஜூன் 7ஆம் தேதி வந்த ஆணை. மதுரையிலிருந்து வந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதுபற்றிப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆணையை எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். மரியாதையான சொற்கள் வேண்டும் என்ற அக்கறையும் அந்த வழக்கில் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் பழைய சொல் உடலோடு நின்றுவிடுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ மனத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அம்மாவிடம் உட்கார்ந்து பேச முடிகிற சொல் இரண்டாவதுதான்.

சட்டத்துக்கு முன்பே பேசத் தொடங்கியவர்களும் இருந்தார்கள். சுனில் மேனன் 1998இல் சென்னையில் சகோதரன் அமைப்பைத் தொடங்கினார். 2003இல் உருவான ஒரு குழு பின்னர் ஓரினம் என்ற பெயரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவருகிறது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே தமிழில் எழுதிய கிரீஷின் ‘விடுபட்டவை’ என்ற நூல் 2018இல் வந்தது. ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஓட்டப்பந்தய வீராங்கனை துதி சந்த், தன் ஊர்ப் பெண்ணையே நேசிப்பதாக 2019 மே மாதம் அறிவித்தார். குடும்பத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. அவர் சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை. கிராமத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது பட்டணத்து வழக்கம் என்கிற பேச்சுக்கு அவர் ஊரே பதில்.

பிறருக்கு ஊக்கமாக இருக்க விரும்பும் கிராமத்து இளைஞர் மேடையேற வேண்டும் என்பதில்லை. வீட்டில் சொல்வதற்கு முன் கையில் வேலையும், ஒரு மாத வாடகைக்குப் பணமும், இரவில் கதவு திறக்கும் ஒரு நண்பர் வீடும் இருப்பது நல்லது. இவை இல்லாதவரை ‘வெளியே வா’ என்று தூண்டுவது அன்பாகாது. தன் கதையைச் சொல்லலாம், அடுத்தவருடையதை அவர் அனுமதியின்றிச் சொல்லக் கூடாது. வென்ற கதையைவிட, அப்பா ஆறு மாதம் பேசாமல் இருந்து பிறகு ‘சாப்பிட்டியா’ என்று கேட்ட கதை கேட்பவருக்கு அதிகம் உதவும். அதையும் ஊர்த் தமிழிலேயே சொன்னால், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கும் புரியும்.

இன்னும் கிடைக்காதவையும் இருக்கின்றன. தன்பாலினத் திருமணத்தை ஏற்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பமாக வாழத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று ஒரு பெண்ணின் வழக்கில் கூறி, அவர் விரும்பியவரோடு செல்ல வழிவிட்டது. அந்தப் பெண்ணின் பக்கம் நின்று நீதிமன்றத்தை நாடியவர் அவர் விரும்பிய அந்தத் தோழியே.