ஒரே கூரை, மூன்று தலைமுறை: பாஸ்டனில் ஒரு கூடைப்பந்து உலா

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ஆட்டம் இருக்கும் நாளில், மாலை நேரத்தில் நார்த் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால் எங்கு பார்த்தாலும் பச்சை ஜெர்சிதான். அந்தக் கூட்டம் தெருவுக்குப் போவதில்லை, மாடிக்குப் போகிறது. ரயில் நிலையத்தின் தலைக்கு மேலேயே இருக்கிறது டிடி கார்டன் அரங்கம். பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் வீடு அது.

ஜெர்சிகளின் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே அணிந்திருப்பவரின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். 0 என்றால் இன்றைய நட்சத்திரம் ஜேசன் டேட்டம். 33 என்றால் 1980களின் லாரி பேர்ட். 6 என்றால் 1950, 60களின் பில் ரஸல். பேரன், அப்பா, தாத்தா என்று மூன்று தலைமுறையும் ஒரே எஸ்கலேட்டரில் ஏறுகிறது.

நம் ஊரில் கபில்தேவ் அணியா, தோனி அணியா என்று நடக்கும் சண்டை இங்கேயும் உண்டு. எந்தக் காலத்து செல்டிக்ஸ் சிறந்தது?

கூரையில் தொங்கும் கணக்கு

அரங்கத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், வெள்ளைத் துணியில் பச்சை எழுத்துகளோடு 18 பதாகைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாம்பியன் பட்டம். முதலாவது 1957, கடைசியாக வந்தது 2024. எல்லாம் ஒரே அளவு. யார் ஆடினார்கள், எப்படி ஜெயித்தார்கள் என்ற விவரம் கிடையாது. வருடம் மட்டும்தான்.

கீழே தரையைப் பார்த்தாலும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் நீளமான மரப்பலகைக்குத் தட்டுப்பாடு. அதனால் ஓக் மரத்தின் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து 1946-ல் ஒரு தரை செய்தார்கள். 1995-ல் பழைய பாஸ்டன் கார்டனிலிருந்து இந்தப் புதிய அரங்கத்துக்கு அணி குடிவந்தபோது அந்தத் தரையும் கூடவே வந்தது. 1999-ல் அதற்கு ஓய்வு கொடுத்த பிறகும் அதே கட்டம்போட்ட பாணி தொடர்கிறது.

பழைய கார்டனில் ஏ.சி. கிடையாது. 1984 ஜூன் மாத இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் உள்ளே வெப்பம் 36 டிகிரி செல்சியஸைத் தொட்டது. எதிரணியான லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் ஆக்சிஜன் முகமூடி வைத்து மூச்சு வாங்கினார். இன்றைய குளுகுளு அரங்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை எடை போடுவது எப்படி?

மூன்று அணிகள், மூன்று உலகங்கள்

முதலில் தாத்தாவின் அணி. 1957 முதல் 1969 வரை 13 சீசன்களில் 11 பட்டங்கள். அதில் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் வேறு எந்த அணியும் தொடர்ச்சியாக எட்டுப் பட்டம் வென்றதில்லை.

"அந்தக் காலத்தின் தொடக்கத்தில் லீக்கில் இருந்ததே 8 அணிகள்தானே? இரண்டு தொடர்களை ஜெயித்தாலே கோப்பை வந்துவிடுமே?" என்று பேரன் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் தாத்தாவிடம் பதில் உண்டு. 8 அணிகள் என்றால் நாடு முழுவதிலும் ஏறக்குறைய நூறு வீரர்களுக்குத்தான் இடம். வடிகட்டிய ஆட்டக்காரர்கள். வில்ட் சேம்பர்லின் போன்ற ராட்சதரை ஒரே சீசனில் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும்.

அடுத்து அப்பாவின் அணி. 1985-86 சீசன். லாரி பேர்ட், கெவின் மெக்ஹேல், ராபர்ட் பாரிஷ், டென்னிஸ் ஜான்சன், டேனி ஏஞ்ச். மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கியவரோ பில் வால்டன், முன்பு வேறு அணியில் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர்! 82 ஆட்டங்களில் 67 வெற்றி. சொந்த ஊரில் ஆடிய 41-ல் தோற்றது ஒன்றே ஒன்று. அப்போது லீக்கில் 23 அணிகள்.

மூன்றாவது பேரனின் அணி. 2023-24 சீசனில் 64 வெற்றி. பிறகு பிளேஆஃப் சுற்றுகளில் 19 ஆட்டங்கள் ஆடி மூன்றில் மட்டும் தோற்றுக் கோப்பையைத் தூக்கியது. இப்போது 30 அணிகள். நான்கு தொடர்களை ஜெயித்தாக வேண்டும்.

எண்களை அடுக்கினால் தீர்ப்பு வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் மூன்று அணிகளும் ஆடியது ஒரே விளையாட்டா என்பதே சந்தேகம். தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதி லீக்கில் வந்தது 1979-ல்தான். ரஸல் காலத்தில் அந்தக் கோடே கிடையாது. பேர்டின் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து முறை அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து முயன்றது. டேட்டத்தின் அணியோ 42 முறை!

எண்ணப்படாத திறமை

ரஸலின் பெரிய ஆயுதம், எதிராளி கூடையை நோக்கி எறியும் பந்தைக் காற்றிலேயே தடுப்பது. 'பிளாக்' என்பார்கள். பலரும் பந்தைக் கூட்டத்துக்குள் பறக்கும்படி ஓங்கித் தட்டுவார்கள். ரஸல் மெல்லத் தட்டுவார். பந்து களத்துக்குள்ளேயே விழும். தோழர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவார்.

அப்படி அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார்? அதிகாரப்பூர்வக் கணக்கே இல்லை. லீக் பிளாக்குகளை எண்ணத் தொடங்கியது 1973-74 சீசனில். ரஸல் ஓய்வு பெற்றது 1969-ல். காலங்களை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் அவருடைய மிகச் சிறந்த வேலைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது இன்று அவர் பெயரில்தான் தரப்படுகிறது. அந்த விருதை அவர் ஒருமுறைகூட வாங்கியதில்லை. அது முதன்முதலில் தரப்பட்டதே அவருடைய கடைசி சீசனில்தான். தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்கு அது போனது.

பத்து நிமிட நடை

அரங்கத்திலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் ஃபேனுல் ஹால் சந்தைப் பகுதி. அங்கே ஒரு பெஞ்சில் கையில் சுருட்டோடு வெண்கலமாக உட்கார்ந்திருக்கிறார் ரெட் ஆர்பாக். ஒன்பது பட்டங்களுக்குப் பயிற்சியாளர். வெற்றி உறுதி என்று தெரிந்ததும் ஆட்டம் முடியும் முன்பே சுருட்டைப் பற்றவைப்பது அவர் வழக்கம். சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அருகிலேயே லாரி பேர்டின் ஷூக்களும் வெண்கலத்தில் இருக்கின்றன.

1964 டிசம்பரில் ஐந்து கறுப்பின வீரர்களை ஒன்றாக முதல் வரிசையில் களமிறக்கினார் ஆர்பாக். லீக் வரலாற்றில் அதுதான் முதல் முறை. 1966-ல் தன் இடத்தை ரஸலிடம் கொடுத்தார். லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ரஸல்தான். ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து மேலும் இரண்டு பட்டங்கள் வாங்கித் தந்தார்.

சாலையைக் கடந்தால் நகராட்சிக் கட்டடத்தின் முன் விரிந்த திடல். அங்கே நிற்கிறார் ரஸல். சிலை வந்தது 2013-ல், அதாவது கடைசிப் பட்டத்துக்கு 44 வருடங்கள் கழித்து. ஏன் இத்தனை தாமதம்?

ரஸலின் அணி பட்டத்துக்கு மேல் பட்டமாகக் குவித்தபோது அரங்கத்தில் பல நாட்கள் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அதே அரங்கத்தில் ஆடிய பனி ஹாக்கி அணி, தோற்றுக்கொண்டிருந்த வருடங்களிலும் அதிகக் கூட்டத்தை இழுத்தது. நகருக்கு வடக்கே ரெடிங் என்ற ஊரில் ரஸலின் வீட்டுக்குள் புகுந்தவர்கள் சுவரில் இனவெறி வசவுகளை எழுதி, படுக்கையை அசிங்கப்படுத்தி, பரிசுக் கோப்பைகளை உடைத்துப் போட்டார்கள். 1972-ல் அவருடைய 6-ம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுக்கும் விழாவை, ரசிகர்களை உள்ளே விடும் முன்பே முடித்துவிடச் சொன்னார் ரஸல். பழைய தோழர்கள் மட்டும் நிற்க, காலி இருக்கைகளுக்கு நடுவே அந்த ஜெர்சி மேலே ஏறியது.

1999-ல் அதே விழாவை ஊரறிய மறுபடி நடத்தினார்கள். இம்முறை அரங்கமே எழுந்து நின்று நெடுநேரம் கை தட்டியது. பழைய எதிரி வில்ட் சேம்பர்லினும் வந்திருந்தார். 2022-ல் ரஸல் மறைந்தபோது 6-ம் எண்ணுக்கு லீக் முழுவதிலும் ஓய்வு அறிவிக்கப்பட்டது.

மூன்று அணிகளையும் ஒரே களத்தில் மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்ற சண்டை ரயிலில் ஏறி வீடு போய்ச் சேரும்வரை நடக்கலாம். உயரம், வேகம், மூன்று புள்ளி என்று பார்த்தால் பேரன் பக்கம்தான் வலுவாகத் தெரியும். ஆனால் எதை எதிர்த்து ஜெயித்தார்கள் என்று கேட்டால் கணக்கு மாறுகிறது. பேர்டும் டேட்டமும் எதிரணியை ஜெயித்தால் போதும், ஊர் அவர்கள் பக்கம் இருந்தது. ரஸலின் அணி ஜெயித்தபோது ஊரே முழுசாக அவர்கள் பக்கம் இல்லை.

சிலையைச் சுற்றி 11 கிரானைட் கற்கள், பட்டத்துக்கு ஒன்றாக. நடுவில் நிற்கும் ரஸல் பந்தைக் கூடையில் போடவில்லை. யாரோ ஒரு தோழருக்குக் கொடுக்கத் தயாராகக் கையில் பிடித்திருக்கிறார்.