ஒரு வண்டியும் ஓர் இரவும்

கொல்கத்தாவில் எல்கின் சாலையிலுள்ள நேதாஜி பவனில் ஒரு பழைய ஜெர்மன் கார் நிற்கிறது. அதன் பெயர் வாண்டரர். பதிவு எண் பி.எல்.ஏ. 7169. வரலாற்றுப் பாடத்தில் நேதாஜியைப் பற்றிப் படித்த நாள் முதல், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இந்தக் காரின் கதையைத் தேடித் தேடிப் படித்தோம்.

ஜெர்மனியில் 1932ஆம் ஆண்டு ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ஹ், வாண்டரர் ஆகிய நான்கு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 'ஆட்டோ யூனியன்' ஆயின. இன்றைய ஆடி கார்களின் நான்கு வளையங்கள் அந்த நால்வரையே குறிக்கின்றன. 'ஹார்ஹ்' என்றால் ஜெர்மன் மொழியில் 'உற்றுக் கேள்' என்று பொருள். அதை நிறுவிய ஆகஸ்ட் ஹார்ஹ், 1909இல் அதை விட்டு விலகினார். புதிய தொழிலுக்குத் தம் பெயரை வைக்க முடியாமல் போகவே, அதே பொருள் தரும் இலத்தீன் சொல்லான 'ஆடி'யைச் சூட்டினார்கள். இலத்தீன் அறிந்த நம் சிஸ்டர்களுக்கு இது இனிக்கும் செய்தியன்றோ!

நால்வரில் ஹார்ஹ் செல்வந்தர்களின் கார். எட்டு சிலிண்டர் இன்ஜின் கொண்டது. வாண்டரரோ நடுத்தரமானது. நேதாஜி சென்ற 'டபிள்யூ 24' வகைக்கு நான்கு சிலிண்டர், ஏறக்குறைய 1.8 லிட்டர் கொள்ளளவு, 42 குதிரைத் திறன், நான்கு கியர். இதன் வால்வுகள் சிலிண்டரின் மேலே இல்லாமல் பக்கத்தில் இருக்கும். ஆற்றல் சற்றுக் குறைவு. ஆனால் அமைப்பு எளிது.

1941ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நள்ளிரவு கடந்து, காவலர் கண்காணிப்பிலிருந்த வீட்டிலிருந்து நேதாஜி வெளியேறினார். முகமது ஜியாவுதீன் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக அவர் வேடம் பூண்டிருந்தார். காரை ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ். இருபது வயது மருத்துவ மாணவர். குடும்பத்திலிருந்த பெரிய ஸ்டூடிபேக்கர் கார் பலருக்கும் தெரிந்தது. ஆகவே வாண்டரரையே தேர்ந்தார்கள். வர்த்தமான் வரை ஓட்டி முன்பே சோதித்தும் பார்த்திருந்தார். விடிந்ததும் தன்பாத் அருகே பராரியில் தங்கினர். மறுநாள் இரவு கோமோ நிலையத்தில் நேதாஜி ரயிலேறினார்.

ஓட்டியவரை உலகம் அறியும். ஆனால் எங்கள் மனம் கவர்ந்தவர் அண்ணன் மகள் இலா. சித்தப்பா போன பிறகும் அவர் அறையில் ஒரு மணி நேரம் விளக்கை எரியவிட்டார். அறைக்குள் நாள்தோறும் வைக்கப்பட்ட உணவை வீட்டுப் பிள்ளைகளே உண்டு, அவர் உள்ளே இருப்பதாகவே காட்டினார்கள். ஜனவரி 26 வரை இரகசியம் வெளிவரவில்லை!

எங்களில் பலர் பழவேற்காட்டுக் கரைக் குப்பங்களிலிருந்து மீஞ்சூர் வழியாகப் பள்ளிக்கு வருகிறோம். அப்பா நடுநிசியில் படகேறிப் போனால், விளக்கை அணைக்காமல் விழித்திருப்பவர் அம்மா. கரையில் இருப்பவருக்குக் காற்று அடித்தால் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். அதனால் இலாவின் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வகுப்பில் ஒரு வாதமும் எழுந்தது. போர்க்காலத்தில் ஆட்டோ யூனியன் ஆலைகளில் ஆயிரக்கணக்கான வதைமுகாம் கைதிகள் கட்டாய வேலை செய்தார்கள், பலர் மாண்டார்கள். 2014இல் ஆடி நிறுவனமே வெளியிட்ட ஆய்வு இதை ஒப்புக்கொள்கிறது. "அப்படிப்பட்ட நிறுவனத்தின் காரையா போற்றுவது?" என்று ஒருத்தி கேட்டாள். "இந்தக் கார் 1937இலேயே கொல்கத்தா வந்துவிட்டதே!" என்றாள் மற்றொருத்தி. "அதனால் அந்தக் கைதிகளை மறந்துவிடலாமா?" என்றாள் முதலாமவள். யாராலும் மறுக்க முடியவில்லை. மறுநாள் காலை ஜெபத்தில் அந்தப் பெயரறியாத் தொழிலாளரையும் நினைத்துக்கொண்டோம்.

2017 ஜனவரியில், பழுது நீக்கிய வாண்டரரைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார். இயந்திரத்திற்கு மனச்சாட்சி கிடையாது; அதைச் செய்விப்பவருக்கும் செலுத்துபவருக்கும் உண்டு. தோழியரே, என்றேனும் கொல்கத்தா செல்ல வாய்த்தால், அந்தக் காரோடு நில்லாமல் மாடியிலுள்ள அந்த அறையையும் பார்த்து வாருங்கள். விளக்கு எரிந்த இடம் அதுதான்.