வாப்பாவின் கோப்பும் ஒரு டாலர் குறியும்

"என்ன புள்ள, இன்னும் தூங்கலையா?"

உம்மா வந்து கேட்டபோது மணி ஒன்று. நாகூர் வீட்டுக் கூடத்தில் லேப்டாப் வெளிச்சம் மட்டும்தான்.

"வாப்பா எழுதுனதைப் போன்ல படிக்கிற மாதிரி மாத்துறேன் உம்மா."

வாப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தர்கா அலங்கார வாசல் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருந்தவர். பகலில் கல்யாணப் பத்திரிகை, ராத்திரியில் சொந்தக் குறிப்புகள். எல்லாமே நோட்பேடில், பாமினி எழுத்துருவில். நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள்.

பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் செய்தது ஒரு போர்வை வேலை. கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதன்மேல் தமிழைப் போர்த்திக் காட்டும். போனில் திறந்தால் போர்வை விலகிவிடும். தலைகால் புரியாத ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியும் தெரியும். யுனிகோடுக்கு மாற்றினால்தான் தேடலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். டெல்டாவுக்கு இந்த வேலை புதிதல்ல. தேனீ யுனிகோட் எழுத்துருவை உருவாக்கிய, 2006-ல் மறைந்த உமர்தம்பி, பக்கத்து அதிராம்பட்டினத்துக்காரர்தான்.

மாற்றித் தரும் இணையதளங்கள் இருக்கின்றன. குடும்ப விஷயத்தை யாரோ ஒருவர் தளத்தில் போட அவளுக்கு மனம் வரவில்லை. சென்னை ஆபீசில் அவள் பார்ப்பது பெர்ல் ஸ்கிரிப்ட் வேலை. 1987-ல் லாரி வால் உருவாக்கிய மொழி. இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் எழுத்தைத் தேடிப் பிடித்து மாற்றுவதில் அது கெட்டிக்காரக் கிழவன்.

முதலில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டாள். பிறகு விம் எடிட்டரில் திரையை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கம் ஸ்கிரிப்ட், வலப்பக்கம் வாப்பாவின் ஒரு பக்கம். எடிட்டரை விட்டு வெளியே போகாமலே ஒரு விசையில் இலக்கணப் பிழை பார்க்கலாம். இன்னொரு கட்டளையில் வலப்பக்க எழுத்து முழுவதையும் ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா? 'யு' விசையை ஒரு தட்டு தட்டினால் பழையபடி வந்துவிடும். சேமிக்கும்வரை வட்டில் இருக்கும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

முதல் ஓட்டத்தில் இலக்கணப் பிழை இல்லை என்றது பெர்ல். ஓட்டினால், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு 'கூ'! நாகூர் ரயிலே வந்து நின்ற மாதிரி. காரணம் பிடிபட கால் மணி நேரமானது. பாமினியில் 'கூ' எழுத்துக்கான இடம் டாலர் குறி. பெர்லின் தேடலிலோ டாலர் என்றால் 'வரியின் முடிவு'. அவள் எழுதிய விதியை பெர்ல் அப்படியே நிறைவேற்றிவிட்டது. நாகூர் என்ற சொல்லில் மட்டும் டாலர் டாலராகவே நின்றது. முன்னால் ஒரு சாய்கோடு போட்டதும் ஊர் திரும்பிவந்தது.

அந்தக் கூவாவது கண்ணில் பட்டது. கண்ணில் படாத பிழைதான் பயம். வாப்பா இருந்திருந்தால், "இது என்ன வார்த்தை?" என்று கேட்டுவிடலாம். அதனால் அவர் அடிக்கடி எழுதும் ஐம்பது சொற்களை பாமினியில் ஒருபுறமும் சரியான யுனிகோடில் மறுபுறமும் வைத்து ஒரு சோதனைக் கோப்பு எழுதினாள். ஸ்கிரிப்டைத் திருத்தும்போதெல்லாம் அதே எடிட்டரில் ஒரு விசை. ஓகே, நாட் ஓகே என்று வரிசையாக வந்து விழும்.

'கொழும்பு' நாட் ஓகே. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒற்றைக் குறியாக வரவேண்டிய 'ொ', ஒற்றைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் சேமிக்கப்பட்டிருந்தது. பார்க்க வித்தியாசமில்லை; தேடும்போது அகப்படாமல் போகலாம். விதிகளின் வரிசையை மாற்றினாள். மூன்றெழுத்துச் சேர்க்கை முதலில், இரண்டெழுத்து பிறகு.

அடுத்து 'வெள்ளம்'. அது 'வௌ்ளம்' ஆகியிருந்தது. பாமினியில் 'ஔ' ஒலிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே விசை. அந்த விதியைத் தூக்கிவிடலாமென்றால், வாப்பாவின் பக்கங்களில் மௌலவியும் சௌதியும் வரிக்கு வரி வருகிறார்கள். கடைசியில், 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தாள். விசையைத் தட்டினாள். ஐம்பதும் ஓகே.

அதன் பிறகுதான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கோப்பை வலப்பக்கம் திறந்தாள். 26.12.2004, ஞாயிறு. வெட்டாற்றுப் பக்கமாகக் கடல் ஏறிவந்த காலை. இரண்டே பக்கம். அதில் ஏழு இடத்தில் வெள்ளம்.

விடிந்ததும் உம்மாவின் போனுக்கு அனுப்பினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு உம்மா மெல்ல மெல்லப் படித்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு புள்ள. அன்னிக்கு நான் அடுப்படில இல்ல, மாடில இருந்தேன்."

அவள் பழைய கோப்பைத் திறந்து பாமினி எழுத்துருவை வைத்துப் பார்த்தாள். அடுப்படி என்றுதான் இருந்தது. இரண்டு கோப்பிலும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.