மறுபக்கம்

இசைத்தட்டுக்குத் தொடக்கத்தில் ஒரு பக்கமே பாடத் தெரியும். எமில் பெர்லினர் தம் கிராமபோனுக்கு 1887இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல ஆண்டுகள் தட்டின் பின்புறம் வெறுமையாகவே கிடந்தது. ஜெர்மனியின் ஓடியன் நிறுவனம் 1904இல் இருபுறமும் பாடும் தட்டுகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற தட்டில் பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. 1948இல் வந்த எல்.பி. தட்டு அந்நேரத்தை இருபது நிமிடங்களுக்கு மேலாக நீட்டியது. எழுந்து சென்று திருப்பும் வேலையை மட்டும் நீக்கவில்லை.

விலைபோகும் என நம்பிய பாடலை முன்பக்கத்தில் வைப்பது வணிகரின் வழக்கம். பின்பக்கம் இடம் நிரப்புவதற்கு. பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' 1954இல் அப்படியொரு பின்பக்கத்தில்தான் வெளிவந்தது. மறு ஆண்டு ஒரு திரைப்படத்தில் ஒலித்தபின் உலகெங்கும் பரவியது. முன்பக்கப் பாடலை இன்று நினைவுகூர்வோர் அரியர். (அவ்விரைச்சல் நம் செவிக்கு ஒவ்வாது என்பது வேறு செய்தி.)

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டின் கதை வேறு. தட்டுக்கு உண்மையிலேயே இரு முகங்கள் உண்டு; கேசட்டின் 'இரு பக்கங்களோ' நாடாவின் ஒரே முகத்தில்தான் உள்ளன. நான்கு மில்லிமீட்டரும் இல்லாத அகலத்தில் மேற்பாதி ஒன்று, கீழ்ப்பாதி ஒன்று. ஒரு பாதி பாடும்போது மற்றது ஓசையின்றிப் பின்னோக்கி ஓடுகிறது. ஆகவே முதற்பக்கத்தின் முடிவும் மறுபக்கத்தின் தொடக்கமும் நாடாவில் அடுத்தடுத்தே அமைந்துள்ளன.

1980களில் வளைகுடா சென்ற நம் மக்கள் பலர் கடிதத்திற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்திற்கு அரைமணி. அவ்வாறு வந்த ஒன்றை 2009இல், நாம் பணியாற்றிய கடலோரப் பங்கில், ஓர் இல்லத்தில் கண்டோம். மகன் ஒரு பக்கத்தில் தாயிடமும் மறுபக்கத்தில் மனைவியிடமும் பேசியிருந்தார். மறுமொழியை அதே நாடாவில் பதிந்து திருப்பி அனுப்புவது அவ்வீட்டின் வழக்கம். புதுக் கேசட்டுக்கு ஏன் வீண் செலவு? மருமகள் தம் பக்கத்தில் அன்றிரவே பேசி முடித்தார். தாய் மறுநாள் பேசுவதாக இருந்தார். விடியுமுன் சாவுச்செய்தி வந்தது. அது 1988ஆம் ஆண்டு.

"எங்கிட்டப் பேசுனது இருக்கு சாமி. அவகிட்டப் பேசுனது போயிருச்சு," என்றார் அம்மூதாட்டி. மருமகள் ஒன்றும் கூறவில்லை. தாயின் பக்கத்தை நமக்குப் போட்டுக் காட்டினார்கள். மீன்விலை, தங்கையின் படிப்பு, கூரை மாற்றுவது பற்றிய பேச்சு. நாடா தீர்ந்து பொத்தான் 'டக்' என மேலெழும்பியது. கேசட்டை ஒருவரும் திருப்பவில்லை.

கேசட்டின் பின்விளிம்பில், பக்கத்திற்கு ஒன்றாக, இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் உண்டு. ஒன்றை உடைத்துவிட்டால் அப்பக்கத்திற்குப் பதிவுப் பொத்தான் அமுங்காது, குரல் அழியாது. கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தோம். இரண்டுமே உடைக்கப்பட்டிருந்தன.

"ரெண்டையும் அவதான் ஒடைச்சா," என்றார் மூதாட்டி.